வயலினின்று வளியிற் கலந்த பசளை

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய கரையோர ஊர்களின் வாழ்வு பாதி கடலிலும், பாதி மேற்கே பரந்து கிடக்கும் நெல் வட்டைகளிலும் தங்கியுள்ளது. 1949ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்று, இங்கினியாகலையில் அணை எழுந்தபின் அவ்வட்டைகளின் நீர்வளம் பெருகிற்று. நீரைத் தொடர்ந்து வந்தது பசளை. 1962இல் அரசினர் அதற்கு மானியம் வழங்கத் தொடங்கினர். உயர்ந்து வளரும் பழைய நெல் பசளை மிகுந்தாற் சாய்ந்துவிடும்; பத்தலகொடையிற் பின்னர் உருவான குட்டை இனங்களோ அதனைத் தாங்கிக் கதிரீன்றன.

1828இல் ஜேர்மானியரான வோலர் ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டிய யூரியாவே வயலுக்கு வந்து சேர்ந்த அப்பசளை. நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் கொண்ட அது, முன்னர் வழங்கிய அமோனியம் சல்பேற்றை விட இருமடங்குக்கு மேற்பட்ட சத்துடையது, ஏற்றுகூலியும் குறைவு. ஆயினும் அதற்கொரு குறையுண்டு. தேங்கிய நீரில் வீசப்பட்ட யூரியா, மண்ணிலுள்ள நொதியத்தாற் சிதைந்து அமோனியாவாகிறது. பகல் வெயிலில் நீர்ப்பாசிகள் நீரிலுள்ள கரியமிலவாயுவை உண்டுவிட, பிற்பகலில் அந்நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அவ்வேளை அமோனியா வாயுவாகிக் காற்றோடு கலக்கிறது. சிறுபோகத்திற் கச்சான் வீசும் நாட்களில் இவ்விழப்பு மிகும். இட்டதில் பாதிகூடப் பயிரைச் சேராதிருத்தல் அரிதன்று. விலைகொடுத்து வாங்கிய மூடை வானத்திற் போவதைக் கண்ணாற் காண முடியாது என்பதே இதிலுள்ள வஞ்சம்.

சேற்றின் மேற்படைக்கும் கீழ்ப்படைக்கும் உள்ள வேறுபாட்டை யப்பானிய அறிஞர் முதலில் விளக்கிப் பசளையை ஆழத்தில் இடுமாறு கூறினர். வங்காளதேசத்தார் யூரியாவை உருண்டையாக்கி, நான்கு நாற்றுக் குத்துகளின் நடுவே புதைக்கின்றனர். வரிசையாக நடாமல் விதை வீசும் அம்பாறை வட்டைகளுக்கு அம்முறை எளிதிற் பொருந்துவதன்று. தமிழ்நாட்டில் ஐந்து பங்கு யூரியாவுடன் நான்கு பங்கு ஜிப்சமும் ஒரு பங்கு வேப்பம்பிண்ணாக்கும் கலந்திடுவர். 2015இல் இந்திய அரசு உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சை விதித்தது. இங்கோ, வக்கடையைத் திறந்து நீரை வடித்து, ஈரச்சேற்றில் யூரியாவை இட்டுப் பின் நீர் பாய்ச்சுதலும், ஒரேயடியாக இடாது பயிரின் பருவமறிந்து பங்கிட்டு இடுதலுமே கைக்கெட்டும் வழிகள். வாய்க்கால் நீர் முறைவைத்து வரும் வட்டையில் முதல் வழிக்குத் துணிவு வேண்டும். வடித்த நீர் மீண்டும் எப்போது வருமென்பது அயலவன் கையிலும் உள்ளது.

மானியம் நிலைத்திருந்தவரை இவ்விழப்பைப் பலர் பொருட்படுத்தவில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது.