அரசாணையில் பிறக்கும் ஆண்டு: ஜப்பானியச் சகாப்தங்களும் வணிக மென்பொருளும்

வணிக மென்பொருளில் தேதிகளைப் பன்னாட்டுமயமாக்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் நாள் முன்னா மாதம் முன்னா என்பதோடு நின்றுவிடுகிறது. அது எளிய பகுதி. 1988இல் ஐ.எஸ்.ஓ. 8601 தரம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை வகுத்தபோதே அதற்கு விடை கிடைத்துவிட்டது. ஆண்டின் எண்ணே நாட்டுக்கு நாடு மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதிலும் ஜப்பான் தனி ரகம். பிரபவ முதல் அட்சய வரையான நம் அறுபது பெயர்களைப் பட்டியலிட்டு, வகுத்தலின் மீதியைக் கொண்டே எந்த ஆண்டுக்கும் பெயர் சொல்லிவிடலாம். தாய்லாந்தின் இன்றைய புத்த ஆண்டுக்குக் கி.பி. ஆண்டோடு 543ஐக் கூட்டினால் போதும். ஜப்பானின் அடுத்த சகாப்தத்துக்கோ சூத்திரமே கிடையாது. அமைச்சரவை கூடிப் பெயர் வைக்க வேண்டும். நாட்காட்டியை வெறும் கணிதமாகக் கொண்டிருந்த மென்பொருள் உலகம் அதை நிர்வாகத் தரவாக நடத்தக் கற்றுக்கொண்டதில் ஜப்பானின் பங்கு பெரிது.

ஒரு பேரரசருக்கு ஒரே சகாப்தப் பெயர் என்ற நடைமுறை 1868இல் மெய்ஜியோடு வந்தது. கிரிகோரியன் நாட்காட்டி அதற்கும் பின்னரே வந்தது. மெய்ஜி 5ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் இரண்டே நாள் ஓடியது, மறுநாள் மெய்ஜி 6, ஜனவரி 1 (கி.பி. 1873). பழைய கணக்கே தொடர்ந்திருந்தால் அந்த ஆண்டில் ஓர் அதிக மாதம் வந்து, ஊழியர்களுக்குப் பதின்மூன்று மாதச் சம்பளம் தர வேண்டியிருந்திருக்கும். பணமுடையில் இருந்த அரசுக்கு மாற்றம் வசதியாகவே அமைந்தது. அந்தச் சுவடு இன்றைய நிரலிலும் உண்டு: ஜாவா 8இன் ஜப்பானியத் தேதி வகை மெய்ஜி 6, ஜனவரி 1க்கு முந்தைய நாளை ஏற்பதில்லை.

1989 ஜனவரி 7, சனிக்கிழமை, ஷோவா பேரரசர் மறைந்தார். அன்றே அமைச்சரவைத் தலைமைச் செயலர் ஒபுச்சி கெய்சோ புதிய பெயரை அறிவித்தார். மறுநாள் ஹெய்செய் 1. ஷோவா 64ஆம் ஆண்டுக்கு ஆயுள் ஏழே நாள். ஆக, ஆண்டை மட்டும் கொடுத்து எந்தச் சகாப்தம் என்று கேட்டால் 1989க்கு விடை இரண்டு. மாதமும் நாளும் தெரியாமல் மாற்றம் செய்ய முடியாது. ஒரே நாள் அவகாசத்தில் என்ன செய்வது? பல பழைய கணினி அமைப்புகளில் ஆண்டு இரண்டு இலக்கமாகச் சேமிக்கப்பட்டிருந்தது. அவற்றில் சில உள்ளே ஷோவாவையே தொடரவிட்டு, அச்சிடும்போது மட்டும் ஹெய்செய்யாக மாற்றிக்கொண்டன. ஒட்டுவேலைதான், ஆனால் முட்டாள்தனமானதல்ல. எண்ணிக்கை அறுபடாததால் வட்டிக் கணக்கு பிசகாது.

நிரல் நூலகங்கள் மெல்லவே முதிர்ந்தன. 1996இல் வெளிவந்த ஜாவாவின் தேதி வகை ஆண்டை 1900இலிருந்தும் மாதத்தைப் பூஜ்ஜியத்திலிருந்தும் எண்ணியது. அடுத்த ஆண்டு வந்த நாட்காட்டி வகையில் கிரிகோரியன் மட்டுமே இருந்தது. ஜப்பானிய நாட்காட்டி ஜாவாவில் சேர 2006 ஆயிற்று. இவற்றைவிட முக்கியமான திருப்பம் யுனிகோட் அமைப்பின் சி.எல்.டி.ஆர். தரவுத்தொகுப்பு. சகாப்தத்தின் பெயர், தொடக்க நாள் ஆகியவற்றை நிரலிலிருந்து பிரித்துத் தரவாக வைத்தது அது. விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் சகாப்தப் பட்டியலுக்கு இடம் வைத்தது. ஜாவா 8, தொடங்கும்போதே ஒரு கூடுதல் சகாப்தத்தை அமைப்புக் குறிப்பாக ஏற்றுக்கொண்டது.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் 2019இல் சோதனை வந்தது. பேரரசர் அகிஹிதோ ஏப்ரல் 30இல் பதவி விலகுவார் என்பது 2017 டிசம்பரிலேயே முடிவாகிவிட்டது. மாற்றம் நிகழும் நாள் தெரியும், பெயர் தெரியாது. ‘ரெய்வா’ என்று அமைச்சரவைத் தலைமைச் செயலர் சுகா யொஷிஹிதே அறிவித்தது ஏப்ரல் 1. நடைமுறைக்கு வந்தது மே 1. இந்த ஒரு மாத இடைவெளியே கணினி அமைப்புகளைக் கருதிக் கொடுக்கப்பட்டதுதான். பன்னாட்டுமயமாக்கலுக்கான ஐ.சி.யு. நிரல் நூலகத்தின் திருத்தப் பதிப்பு ஏப்ரல் மாதத்திலேயே வந்தது. யுனிகோட் 12.1 மே 7இல்தான் வெளியானது. அதில் சேர்ந்த புதிய எழுத்து ஒன்றே ஒன்று, ரெய்வாவை ஒரே கட்டத்துக்குள் அடக்கும் குறி. இடத்தை முன்பே ஒதுக்கிவிட்டாலும், அந்தக் குறி எந்த இரு எழுத்துகளாகப் பிரியும் என்பது பெயர் தெரியாமல் எழுத முடியாத விதி.

பெயரைச் சேர்த்துவிட்டதோடு வேலை முடியவில்லை. சகாப்தத்தின் முதல் ஆண்டை ஜப்பானியர் ‘1’ என்று எழுதாமல் ‘கன்னென்’ என எழுதுவது வழக்கம். அதைக் காட்டவும் வேண்டும், படிக்கவும் வேண்டும். 2019க்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்களில் ‘ஹெய்செய் 33’ என்று காலாவதி நாள் இருந்தது. அப்படியோர் ஆண்டு வரவேயில்லை, ஆனால் ஒப்பந்தம் செல்லும். சகாப்தத்தின் எல்லை கறாராக இருந்தால் மென்பொருள் அதைப் பிழையென்று தள்ளும். ஆகவே மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டில் இந்தச் சரிபார்ப்பைத் தளர்த்தி, விரும்புவோர் கறாராக்கிக்கொள்ள ஒரு சுவிட்சையும் வைத்தது. என் கணிப்பில் இந்த வரலாற்றின் மிக நுட்பமான முடிவு இதுவே. நிதியாண்டு இன்னொரு முடிச்சு. 2019 ஏப்ரல் 1 ஹெய்செய் 31ஐச் சேர்ந்த நாள்; ஆனால் அன்று தொடங்கிய நிதியாண்டு முழுவதையும் மே 1க்குப் பிறகு ரெய்வா முதல் நிதியாண்டு என்றே குறிப்பது என அரசு தீர்மானித்தது. தேதியிலிருந்து சகாப்தத்தைக் கண்டுபிடிக்கும் பொது நூலகம் எதுவும் இதைத் தானாகச் சொல்லாது. கணக்கியல் மென்பொருள் நிதியாண்டுக்குத் தனி அட்டவணை வைத்தாக வேண்டும்.

1989இன் ஒட்டுவேலைக்கும் கெடு வந்தது. 2025, ஷோவாக் கணக்கில் 100. உள்ளே இரண்டு இலக்க ஷோவாவோடு ஓடும் அமைப்பில் அந்த ஆண்டு 00 ஆகிவிடும். முதிர்வு நாட்கள் வரிசையில் ஷோவா 99க்கு முன்னே போய் நிற்கும். இதற்குச் சி.எல்.டி.ஆர். உதவாது. அந்தத் தரவு புத்தம்புதிதாக இருந்தாலும், பழைய கோப்பில் ஆண்டுக்கு இருப்பது இரண்டு இடம்தான்.