நீலகிரிப் புல்வெளி மீட்பு

நீலகிரிப் பீடபூமியின் உயர்பகுதிகளில் அந்நிய மரத் தோட்டங்கள் விழுங்கிய மலைப் புல்வெளிகளைத் திரும்பக் கொண்டுவரும் பணியே நீலகிரிப் புல்வெளி மீட்பு. ஈரமான மடிப்புகளில் சோலைக்காடு, சரிவிலும் முகட்டிலும் புல் என்பது இம்மலையின் பழைய அமைப்பு. வரையாடும் தோடர் பழங்குடியினரின் எருமையும் இப்புல்லை மேய்ந்தே வாழ்ந்தன.

காட்டை எரித்ததால் உண்டான வெளி இது என்று வன அலுவலர் சிலர் முன்பு கருதினர். வன அலுவலரான சி. ஆர். ரங்கநாதனே 1938-ல் இதை மறுத்தார். திறந்த சரிவில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளை உறைபனி கருக்கிவிடுவதால் அங்கே புல்லே நிலைக்கிறது என்பது அவர் வாதம். சதுப்புநிலக் கரிமண்ணின் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து சூழலியலாளர் ஆர். சுகுமார் முதலியோர் 1993-ல் வெளியிட்ட முடிவு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு புல் செழித்திருந்ததைக் காட்டியது. ஆகவே இது இயற்கைப் புல்வெளியே.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பின் நிலைமை மாறியது. ஆங்கிலேயர் கண்ணுக்குப் புல்வெளி வெறும் தரிசு. 1830, 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் வந்தன. முதலில் விறகுக்காக நட்டார்கள். விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் டானினுக்காகவும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் மரக்கூழுக்காகவும் அரசே பெரும் பரப்பில் நட்டது. பழைய தவறு ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில்தான் பெருந்தவறாயிற்று. 1980-களின் இறுதியில் புதிய நடவு நின்றது. ஆனால் சீகை தானாகவே பரவியது.

மரத்தை வெட்டினால் மட்டும் புல் வந்துவிடாது. கெட்டித் தோலுள்ள சீகை விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். தீ பட்டாலோ வெயில் விழுந்தாலோ ஒருசேர முளைத்துக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நெருங்கி நிற்கும். வேரோடு பிடுங்க மழைக்காலமே ஏற்றது. ஈர மண்ணில் கன்று அறாமல் வரும். ஒருமுறை பிடுங்கி நிறுத்தினால் போதாது, ஆண்டுதோறும் தொடர வேண்டும். சீகை வேர்கள் மண்ணில் தழைச்சத்தைக் கூட்டிவிடுவதால் களைகள் முந்திக்கொள்கின்றன. மேய்ந்தாலும் கருகினாலும் நாட்டுப் புல்லின் குத்து அடிமொட்டிலிருந்து துளிர்க்கும். ஆனால் நெடுங்காலம் நிழலில் மூடப்பட்ட இடத்தில் அந்தக் குத்தே அழிந்திருக்கும். அங்கே அருகிலுள்ள நல்ல புல்வெளியிலிருந்து குத்துகளைப் பிரித்து எடுத்து நட வேண்டியிருக்கிறது.

முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைப்பதால், அத்தோப்புகளை விட்டுவைக்கலாம் என்போரும் உண்டு. சோலையை ஒட்டிய ஈர மடிப்புகளுக்கு அது பொருந்தும். புல்லுக்குரிய சரிவுகளுக்குப் பொருந்தாது.

முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் வனத்துறை சீகையை அகற்றி வருகிறது. அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கை, வரையாடு பாதுகாப்புத் திட்டம் இரண்டையும் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது.