மறுசுழற்சித் தாளில் வெப்ப அச்சு லேபிள்

வெப்ப அச்சு லேபிள் என்பது மையோ ரிப்பனோ இல்லாமல், சூடு பட்ட இடம் மட்டும் கறுத்து எழுத்தாகும் ஒட்டுத்தாள். கூரியர் பொட்டலத்தின் முகவரிச் சீட்டும், பல்பொருள் அங்காடியில் காய்கறியை எடைபோட்டு ஒட்டும் விலைச்சீட்டும் பெரும்பாலும் இவ்வகையே. இதன் தாளைப் புதிய மரக்கூழுக்குப் பதிலாகக் கழிவுத்தாள் கூழிலிருந்தும் செய்யலாம். முழுவதும் அக்கூழாலான தாளும் உண்டு, ஒரு பங்கு மட்டும் கலந்த தாளும் உண்டு.

பின்தாளை உரித்து ஒட்டும் லேபிளை ஸ்டான்டன் ஏவரி 1935இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தயாரிக்கத் தொடங்கினார். வெப்ப அச்சு 1970களின் தொடக்கத்தில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ‘சைலண்ட் 700’ முனையங்கள் வழியாகப் பரவலாக அறிமுகமானது. பார்கோடு எங்கும் வந்தபின் இரண்டும் ஒன்று சேர்ந்தன.

லேபிளை மேலிருந்து பிரித்தால் வெப்பப் பூச்சு, முன்பூச்சு, அடித்தாள், பசை, சிலிக்கோன் பூசிய பின்தாள் என்று அடுக்குகள் வரும். வெப்பப் பூச்சில் நிறமற்ற லியூக்கோ சாயமும், அதைக் கறுக்கச் செய்யும் மென் அமிலத்தன்மை கொண்ட நிறமூட்டியும் நுண்துகள்களாக அடுத்தடுத்து இருக்கும். சூடு பட்டதும் உடனிருக்கும் மெழுகு போன்ற பொருள் உருகி, இரண்டையும் சேர்த்துவைக்கிறது. கழிவுத்தாளுக்கு இடம் உள்ளது அடித்தாளிலும் பின்தாளிலும் மட்டுமே. ‘மறுசுழற்சி லேபிள்’ என்று விற்கப்படும்போது எந்த அடுக்கைச் சொல்கிறார்கள் என்பதை வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும்.

கழிவுத்தாளைப் பெரிய தொட்டியில் காஸ்டிக் சோடா, சோடியம் சிலிகேட், ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரில் கடைந்து கூழாக்குவது முதல் வேலை. ஸ்டேப்ளர் பின், பிளாஸ்டிக் துண்டு போன்றவை சல்லடையில் தங்கிவிடும். பிறகு நூற்றில் ஒரு பங்கு மட்டுமே நார் இருக்குமாறு கூழை நீர்க்கச் செய்து, சோப்புப் பொருள் சேர்த்து, அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். நீரோடு ஒட்டாத மைத்துகள்கள் குமிழிகளைப் பற்றிக்கொண்டு மேலேறுகின்றன. அந்தக் கரிய நுரையை வழித்தெடுத்தால் வெளிறிய கூழ் மிஞ்சும். ஒரு முறை உலர்ந்த நார் விறைத்துப்போய், மறுபடி நனைத்தாலும் பழையபடி உப்பாது. அரைபட அரைபடக் குட்டையாகவும் ஆகிறது. சுருளாக இழுபடும் லேபிளுக்கு வலு தேவை என்பதால் ஊசியிலை மரங்களின் நீண்ட நாரைச் சிறிது கலப்பதுண்டு.

உண்மையான சோதனை மேற்பரப்பில்தான். அச்சுமுனையில் தாளின் அகலத்துக்குக் குறுக்கே ஒரு மில்லிமீட்டருக்கு 8 அல்லது 12 நுண்சூடேற்றிகள் வரிசையாக இருக்கின்றன. ரப்பர் உருளை தாளை அவற்றின்மேல் அழுத்தி நகர்த்தும். தாள் கரடுமுரடாக இருந்தால் பள்ளங்களில் சூடு படாமல் எழுத்து புள்ளி புள்ளியாக விடுபடும். தாளிலிருந்து உதிரும் தூசும் கனிமத்துகளும் முனையைத் தேய்க்கும். ஒரே ஒரு சூடேற்றி செத்தாலும் லேபிளின் நீளவாட்டில் வெள்ளைக் கோடு விழும். பார்கோடின் கோடுகளும் அதே திசையில் இருந்தால் மெல்லிய கோடு ஒன்று மறைந்து, ஸ்கேனர் படிக்காமல் போகலாம். இதைத் தடுப்பது முன்பூச்சு. சுட்ட கயோலின் களிமண் அடித்தாளின் பள்ளங்களை நிரப்பி, சூடு கீழே இறங்காமல் காத்து, உருகிய மெழுகையும் உறிஞ்சுகிறது. கழிவுத்தாளில் தரமான அச்சு கிடைப்பதற்கான பெருமை இந்த அடுக்கையே சேரும். அதன்மேல் வெப்பப் பூச்சைத் தடவியபின் மிதமான சூட்டில்தான் உலர்த்த வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் சுருள் முழுதும் சாம்பல் பூத்துவிடும். கடைசியில் உருளைகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்குகிறார்கள்.

நிறமூட்டியாக நெடுங்காலம் பயன்பட்டது பிஸ்பினால் ஏ. நாளமில்லாச் சுரப்பிகளின் வேலையைக் குலைக்கக்கூடிய இப்பொருள், வெப்பத்தாள் ரசீதுகள் கழிவுத்தாளோடு கலந்தபோது மறுசுழற்சிக் கூழுக்குள்ளும் புகுந்தது. அதனால் கழிவுத்தாளில் செய்த லேபிளில், பூச்சு தூயதாக இருந்தாலும், அடித்தாளிலேயே அதன் சுவடு இருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் வெப்பத்தாளில் இதை எடையில் 0.02 விழுக்காட்டுக்கும் கீழாகக் கட்டுப்படுத்தியது. பல தயாரிப்பாளர்கள் அதன் நெருங்கிய உறவான பிஸ்பினால் எஸ்ஸுக்கு மாறினார்கள். இதைத் தீர்வென்று ஏற்க முடியாது. பிஸ்பினால் குடும்பத்தைச் சேராத நிறமூட்டிகளே பொறுப்பான தேர்வு. ஜெர்மனியின் கோலர் நிறுவனத்தின் ‘புளூ ஃபோர் எஸ்ட்’ தாளில் நிறமூட்டியே கிடையாது. சூடு பட்ட இடத்தில் மேற்பூச்சு ஒளிபுகும்படி மாறி, அடியிலுள்ள கரிய அடுக்கைக் காட்டுகிறது.

அடித்தாள் கழிவுத்தாளாக இருப்பதால் மட்டும் லேபிள் மீண்டும் கூழாகிவிடாது. அழுத்தினால் ஒட்டும் பசை கூழில் சிறு பிசின் உருண்டைகளாகச் சிதறி, தாள் ஆலையின் கம்பிவலையை அடைத்து, தாளில் ஓட்டை விழச் செய்கிறது. சல்லடையில் சிக்குமளவு பெரிய துண்டுகளாகப் பிரியும் பசைகள் இதற்கென உருவாக்கப்பட்டுள்ளன. அட்டைப்பெட்டியோடு சேர்ந்தே ஆலைக்குப் போகும் கூரியர் லேபிளுக்கு இவை மிகவும் தேவை. சிலிக்கோன் பூசிய பின்தாளைச் சாதாரணக் கழிவுத்தாளோடு போடாமல் தனியே சேகரிக்க வேண்டும். பின்தாளே இல்லாத லேபிள்களும் வந்துள்ளன. முகப்பில் சிலிக்கோன் பூசி, தன்மேலேயே சுருட்டப்படும் இவற்றுக்குப் பசை ஒட்டாத உருளையும் வெட்டுக்கத்தியும் உள்ள அச்சுப்பொறி வேண்டும்.