கேஸ் ஷீட்டில் இல்லாத கேள்வி

பாலுறவு பற்றி நம் மருத்துவமனைகள் வாயே திறப்பதில்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றோடு வரும் பெண்ணிடம் முதல் நாளே கேட்டு எழுதிவிடுகிறார்கள்: எந்த வயசுல கல்யாணம், எத்தனை பிள்ளை. சிகிச்சை முடிந்து அவள் வீடு திரும்பும்போதுதான் பேச்சு நின்றுபோகிறது. இந்த ஒருதலைப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு.

1842இல் வெரோனா நகரத்து இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த ரிகோனி-ஸ்டெர்ன், கன்னியாஸ்திரீகளிடம் கர்ப்பப்பைப் புற்று அரிதாக இருப்பதைக் கண்டார். 1980களில் ஹரால்ட் ஸுர் ஹவுஸன் குழு இதற்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் வகைகளை அடையாளம் கண்டது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு. இப்படி உடலுறவு நோய்க்காரணமாக மருத்துவத்துக்குள் வந்தது. பெண்ணின் 'நடத்தை' பற்றிய சந்தேகமும் கூடவே வந்தது. ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் வரக்கூடிய, மிகச் சாதாரணமான தொற்று இது என்பதை எத்தனை பேருக்குச் சொன்னோம்?

இன்னொரு வாசல் குடும்பக் கட்டுப்பாடு. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள். அதே 1976இல் அமெரிக்க உளவியலாளர் ஜாக் அனான், பாலியல் சிக்கல்களைப் பேசித் தீர்க்க நான்கு படிகளை வகுத்தார். முதல் படிக்குப் பெயர் 'அனுமதி': இதை இங்கே பேசலாம் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியப்படுத்துவது. நமக்கு இலக்கு வந்தது, அனுமதி வரவில்லை. காரணமாகவும் எண்ணிக்கையாகவும் மட்டுமே பாலுறவை அறிந்த சொல்லாடலில், பிள்ளை பெற்று முடித்து, நோயும் தீர்ந்த பெண்ணின் ஆசைக்குக் கட்டமே கிடையாது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வு, அசிட்டிக் அமிலம் தடவி ஒரேமுறை பார்க்கும் பரிசோதனை இந்நோயால் வரும் சாவை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் அறிவித்தது. சாவைக் குறைக்கத் தெரிந்துகொண்டோம். பிழைத்த பிறகு எப்படி வாழ்வது என்பது யார் பாடு?

சிவகாசியை ஒட்டிய எங்கள் நாரணாபுரம் பக்கம் கதிர்வீச்சைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். கரண்ட் வச்ச உடம்பு, ஒட்டிக்கும் என்று பயம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. புற்று துணைக்கு ஒட்டுவதும் இல்லை. ஆனால் பிறப்புறுப்புப் பாதை சுருங்கலாம், வறளலாம். சினைப்பை ஓய்ந்து மாதவிடாய் நின்றுபோகலாம். பாதை சுருங்காமலிருக்க விரிப்பான் உண்டு, வறட்சிக்குக் களிம்பு உண்டு. இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

'நம்ம பொம்பளைங்க இதெல்லாம் பேச மாட்டாங்க' என்பது வழக்கமான சமாதானம். பட்டாசு ஆலைக்குப் போகிற வேனில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், பேசாத பேச்சில்லை. வரிசை நெருக்க, சுற்றிலும் ஆட்கள் நிற்க, எதிரே அவசரத்தில் ஒரு டாக்டர் என்றால் யார்தான் வாய் திறப்பார்கள்? இதைக் கூச்சம் என்று பெயரிட்டுப் பெண்கள் தலையில் கட்டுவது அதிகாரத்துக்கு வசதி.

மருத்துவ உரிமை பற்றிப் பேசுகிற நாம் மருந்தும் படுக்கையும் கேட்டது சரிதான். கூடவே ஒரு திரைச்சீலையும் ஒரு நர்சும் கேட்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில், 'சேர்ந்து இருக்கிறதுல ஏதும் சிரமம், பயம் இருக்காம்மா?' என்று அவர் முதலில் கேட்க வேண்டும். புருஷனை இழந்தவளிடமும், கல்யாணம் ஆகாதவளிடமும், உடம்பு பற்றி ஏதும் கேட்கணுமா என்று கேட்க வேண்டும். பதிலை எழுத கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஒதுக்கினால் போதும்.