பெட்டியைத் திறக்குமுன்

சித்தூர், திருப்பதி ஆகிய ஊர்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், கூடத்து மூலையில் ஒரு பழைய ரேடியோப் பெட்டியை இன்றும் நாம் காணலாம். சில வீடுகளில் அது ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் ஒன்றாய் அமைந்த ரேடியோகிராமாக இருக்கும். பாட்டனார் ஆசையோடு வாங்கியது, பாடி நெடுநாளாயிற்று. ஆயினும் அதனை எறிய மனம் வருவதில்லை. வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் பேரன் விடுமுறைக்கு வரும்போது அதன் பின்பலகையைக் கழற்றி, மீண்டும் பாடவைக்க முயல்வதும் இயல்பே.

முயற்சி நல்லதுதான். ஆனால் திருப்புளியைக் கையில் எடுக்குமுன் அப்பெட்டியின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். வீட்டு இசைக்கருவியின் வரலாறு இனிமையின் வரலாறு மட்டுமன்று. மின்சாரத்தின் அபாயம் அதற்குள் எங்கே இருந்தது, எப்போது இடம் மாறியது என்பதன் வரலாறும் ஆகும். இதனை அறியாமையால் நேரும் இழப்பு ஒரு பெட்டியோடு நிற்பதன்று, உயிரிழப்பாகவும் முடியலாம்.

முதன்முதல் நம் வீடுகளுக்கு வந்த இசைக்கருவி கிராமபோன். கல்கத்தாவின் சியால்தாவில் 1908-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழிற்சாலையிலிருந்து இசைத்தட்டுகள் நாடெங்கும் சென்றன. அக்கருவிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. கைப்பிடியால் முறுக்கும் எஃகுச் சுருள் ஒன்றே போதும். அதனைப் பிரிப்போர் அஞ்சவேண்டியது, முறுக்கேறிய சுருள் திடீரென விடுபட்டுக் கையைக் கிழிப்பதற்குத்தான்.

அடுத்து வந்தது வானொலி. சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டு சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அவ்வாண்டிலேயே ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-இல் அது நின்றது. 1930-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் தொடங்கிற்று.

அந்நாளில் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதி. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை மீண்டும் திருத்தப்பெற்று, திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைகள் மாறியபோதிலும் சித்தூர்த் தமிழர் சென்னை வானொலியைக் கேட்பது நின்றுவிடவில்லை. தெலுங்கு நிகழ்ச்சி முடிந்ததும் முள்ளைத் திருப்பித் தமிழ் நிகழ்ச்சி கேட்பது அவ்வீடுகளில் வழக்கமாயிற்று. இரவில் இலங்கை வானொலியும் துணைக்கு வந்தது. பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடும் வான்மண்டலப் படலம் ஒன்று, சூரியன் மறைந்ததும் மறைந்துவிடுகிறது. ஆதலால் தொலைதூர நிலையங்கள் இரவில் தெளிவாகக் கேட்கும். இத்தகைய மேல்வளிமண்டல நிகழ்ச்சிகளை ஆராயும் பெரிய ரேடார் நிலையம், திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரில் பிற்காலத்தில் அமைந்தது பொருத்தமே.

தொலைவிலிருந்து வரும் அலையைப் பிடிக்க மாடியில் நீண்ட ஏரியல் கம்பி கட்டினார்கள். பெட்டிக்கு வெளியே இருந்த முதல் அபாயம் அதுவே. மின்கம்பிக்கு மேலாகவோ அருகாகவோ கட்டிய ஏரியல் அறுந்து விழுந்தால், ஊர் மின்சாரம் வீட்டிற்குள் வந்துவிடும். இடியுடன் மழை பெய்யும்போது மின்னலுக்கும் அது வழியாகும். ஆகவே, மழைக்காலத்தில் ஏரியலைப் பெட்டியிலிருந்து விலக்கி, மண்ணில் புதைத்த எர்த் கம்பியோடு சேர்க்க ஒரு மாற்றுச் சுவிட்சைச் சன்னலருகே பொருத்துவது வழக்கமாயிருந்தது. இச்சேர்ப்பை மேகம் திரளுமுன் செய்யவேண்டும். இடி முழங்கத் தொடங்கியபின் அக்கம்பியைத் தொடலாகாது.

மின்சாரம் எட்டாத ஊர்களில் பாட்டரி செட்டுகள் பாடின. 1937-இல் தொடங்கிய மேட்டூர் மின்திட்டம் போன்றவற்றால் கம்பிகள் மெல்ல மெல்ல நீண்டன. மின்சாரம் வந்த வீட்டில் பாட்டரி செட் போய், வால்வு செட் வந்தது. இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்கவேண்டிய பகுதி தொடங்குகிறது.

வால்வு செட்டுகள் இருவகை. முதல்வகை ஏ.ஸி. செட். அதன் உள்ளே கனத்த டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கும். வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட் அதன் ஒரு சுருளில் பாய, மற்றச் சுருள்களில் வேறு மின்சாரம் தோன்றும். இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. ஆதலின், வால்வுகள் நிற்கும் உலோகத் தட்டாகிய சேசிஸ் வீட்டு மின்கம்பியோடு ஒட்டுறவின்றி இருக்கும்.

இரண்டாம் வகை ஏ.ஸி.–டி.ஸி. செட். கல்கத்தா போன்ற நகரங்களின் சில பகுதிகளில் நேர்மின்னோட்டம் நெடுங்காலம் நீடித்தது. டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டை அங்கே மாட்டினால் அது கருகிவிடும். ஊர் ஊராக மாற்றலாகிச் செல்வோர்க்கு எங்கும் பாடும் பெட்டி தேவைப்பட்டது. ஆகவே டிரான்ஸ்பார்மரை நீக்கிவிட்டு, வால்வுகளின் இழைகளைக் கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் விளக்குகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தனர். பெட்டியின் எடையும் குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் வீட்டு மின்சாரத்தின் இரு கம்பிகளில் ஒன்று நேராகச் சேசிஸுடன் சேர்ந்தது. இரண்டு முள் பிளக்கைத் திருப்பி மாட்டிவிட்டால், சேசிஸ் முழுவதிலும் 230 வோல்ட் ஏறிவிடும். பெட்டி எப்போதும்போல் இனிமையாகப் பாடிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு ஒரு வேறுபாடும் தெரியாது.

மரப்பெட்டியும் பின் அட்டையும் பேக்லைட் குமிழ்களும் இருக்கும்வரை கேட்பவருக்குக் கேடில்லை. குமிழ் உடைந்து உலோகத் தண்டு வெளியே நீண்டாலோ, குமிழை இறுக்கும் சிறு திருகு விரலில் பட்டாலோ, பின் அட்டை தொலைந்துபோனாலோ அபாயம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. மேலும், இத்தகைய செட்டை வகுத்த மேல்நாட்டார் காலணியோடு, கம்பளம் விரித்த மரத்தரையில் நடமாடுபவர்கள். நாமோ செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கழுவித் துடைத்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர்கள். ஒரே பெட்டி அவர்களுக்குத் தருவதைவிட நமக்குத் தரும் தீங்கு மிகுதி என்பதற்கு இதுவே காரணம்.

இவ்விரு வகைகளையும் பிரித்தறிய வால்வின் மேல் பொறித்த எழுத்து ஓரளவு உதவும். ஐரோப்பிய முறைப்படி பெயரிட்ட வால்வுகளில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து முதலில் வந்தால், அதன் இழை 6.3 வோல்ட்டுக்கு உரியது, ஈ.எல். 84 என்பது அவ்வகை. ‘யூ’ என்று தொடங்கினால், அது 100 மில்லியாம்பியர் ஓட்டத்தில் தொடராகக் கட்டப்படுவது, யூ.சி.எச். 81, யூ.எல். 84, யூ.ஒய். 85 என்பன இவ்வகை. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வால்வு உற்பத்தியைத் தொடங்கியபின், இந்நாட்டு வால்வுகளும் நம் பெட்டிகளில் இடம்பெற்றன. ‘யூ’ வரிசையைக் கண்டால் சேசிஸில் மின்சாரம் உண்டென்றே கொள்ளவேண்டும். ‘ஈ’ வரிசையைக் கண்டுவிட்டோம் என்று துணிந்து தொடுவதும் தகாது. அளந்து பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டிலும் அபாயம் இல்லாமற்போகவில்லை. வால்வுகளுக்காக அதனுள்ளே 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்சாரம் உண்டாகிறது. அதனைச் சீராக்கும் பெரிய கண்டென்ஸர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சில நிமிடங்கள், சிலவேளை இன்னும் நெடுநேரம், மின்சாரத்தைத் தம்முள் தேக்கி வைத்திருக்கும். ‘பிளக்கைத்தான் எடுத்துவிட்டோமே’ என்று கைவைத்தவர் துள்ளி விழுந்ததுண்டு.

இந்த அனுபவங்களிலிருந்தே பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் ஒழுங்குகள் பிறந்தன. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுவர். உலர்ந்த மரப்பலகையின் மேலோ ரப்பர் விரிப்பின் மேலோ நிற்பர். மின்சாரம் ஓடும் செட்டை அளக்க நேர்ந்தால், ஒரு கையை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு மற்றக் கையால் மட்டும் அளப்பர். ஒரு கை வழியாகப் புகுந்து மறு கை வழியாக வெளியேறும் மின்சாரம் மார்பைக் கடந்து செல்லும். இதயம் இருக்குமிடம் அதுவன்றோ? கண்டென்ஸரின் மின்சாரத்தை நீக்கத் திருப்புளியால் தீப்பொறி பறக்க இணைப்பதைத் தேர்ந்தவர் விரும்பார். காப்பிட்ட கம்பிகளோடு கூடிய 10,000 ஓம், 5 வாட் ரெஸிஸ்டரைச் சில விநாடிகள் இணைத்து, பின்னர் மீட்டரால் அளந்து, மின்சாரம் அற்றதை உறுதி செய்வர். துணைக்கு ஓர் ஆளின்றி மின்சாரம் உள்ள செட்டைத் தொடமாட்டார்கள்.

சீரியல் விளக்கு என்பது அவர்கள் கையாண்ட மற்றோர் உபாயம். பல்லாண்டு உறங்கிய செட்டை நேரே மின்சாரத்தில் மாட்டினால், உலர்ந்துபோன கண்டென்ஸர் வெடிக்கலாம்; டிரான்ஸ்பார்மர் எரியலாம். ஆகவே 60 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்து முதலில் சோதிப்பர். விளக்கு முழு ஒளியோடு எரிந்துகொண்டே இருந்தால், உள்ளே எங்கோ நேரிணைப்பு உண்டு என்பது பொருள். முதலில் ஒளிர்ந்து, பின்னர் மங்கினால் மேலே செல்லலாம். இவ்விளக்கு செட்டைத்தான் காக்கும். தொடுபவரைக் காக்காது என்பதை மறத்தலாகாது.

காலம் மாறிற்று. 1947-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்ஸிஸ்டர், பாட்டரியில் இயங்கும் சிறு பெட்டிகளை ஊரெங்கும் பரப்பியது. 1958-இல் இருவழி ஒலியைத் தாங்கிய ஸ்டீரியோ இசைத்தட்டுகள் மேலைநாடுகளில் விற்பனைக்கு வந்தன. 1963-இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் வெங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வெளிவந்தது. திருப்பதி மலையடிவாரத்தில் மட்டுமன்றி, பம்பாயிலும் டெல்லியிலும் உள்ள தமிழர் வீடுகளிலும் விடியற்காலையில் அது ஒலித்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் காஸெட் அறிமுகமாயிற்று. சென்னையில் 1977-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் எப்.எம். ஒலிபரப்பு தொடங்கிற்று.

டிரான்ஸிஸ்டர் ஸ்டீரியோக்களில் டிரான்ஸ்பார்மர் மீண்டும் இடம்பெற்றது. அதனைத் தாண்டி உள்ளே இருந்தது சில பத்து வோல்ட்டுகளே. அக்காலத்தில் வளர்ந்த இளைஞர் பெட்டியைத் திறந்து, விரலால் தொட்டும் தட்டியும் பழுது கண்டனர். தீங்கு அரிதாயிருந்தமையால், பழைய எச்சரிக்கைகள் மெல்ல மறந்துபோயின.

இந்த மறதியே இன்று நமக்குப் பகையாகிறது. இக்காலத்து ஹோம் தியேட்டர் பெட்டிகளைத் தூக்கிப் பாருங்கள். பல பெட்டிகள் இறகுபோல் இலேசாக இருக்கும். கனத்த டிரான்ஸ்பார்மருக்கு மாற்றாக, ஸ்விட்ச் மோட் என்னும் மின்வழங்கி அமைந்திருப்பதே காரணம். அதன் முன்பகுதியில் வீட்டு மின்சாரம் நேராகத் திருத்தப்பெற்று, ஏறத்தாழ 325 வோல்ட்டாகக் கண்டென்ஸரில் தேங்குகிறது. பழைய ஏ.ஸி.–டி.ஸி. செட்டில் எடை குறைந்தபோது உள்ளே புகுந்த அபாயம், புதிய வடிவில் மீண்டும் வந்து அமர்ந்திருக்கிறது.

ஆயின் வீட்டிலுள்ளோர் ஒன்றுமே செய்யலாகாதா? செய்யத்தக்கன பல உண்டு. ஸ்டீரியோவில் இடப்பக்கம் ஒலிக்கவில்லை எனில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆம்பிளிபயரில் இரு ஸ்பீக்கர் கம்பிகளையும் இடம் மாற்றி மாட்டிக் கேளுங்கள். அதே ஸ்பீக்கர் மௌனமாயிருந்தால் குற்றம் ஸ்பீக்கரிலோ அதன் கம்பியிலோ உள்ளது. மௌனம் வலப்பக்கம் சென்றுவிட்டால் குற்றம் ஆம்பிளிபயரிலோ அதற்கு முன்னோ உள்ளது. உள்வரும் கம்பிகளையும் இவ்வாறே மாற்றி, மேலும் நெருங்கலாம். பெட்டியைத் திறவாமலே பாதி நோய் தெரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கியபின் தூசி துடைத்தல், காஸெட் தலைப்பகுதியைத் தூய்மை செய்தல், இசைத்தட்டு ஊசியை மாற்றுதல் ஆகியனவும் நம்மால் இயலும். பியூஸ் போனால், குறித்த அளவுள்ள பியூஸையே இடவேண்டும். மும்முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் நீக்கலாகாது. வீட்டில் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பானைப் பொருத்துவது நலம். ஆனால் கண்டென்ஸரில் தேங்கிய மின்சாரத்துக்கு அது காவலன்று. இவற்றைக் கடந்த வேலையைத் தேர்ந்தவரிடமே விடவேண்டும்.

எவரேனும் மின்சாரத்தில் சிக்கினால் அவரைத் தொடாது, முதலில் சுவிட்சை அணையுங்கள். இயலாவிடின் உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்குங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

வால்வு செட்டின் இயல்பை அறிந்த மெக்கானிக்குகள் இன்று அருகி வருகின்றனர். பெட்டியைப் பாதுகாக்கும் நாம், அவர்கள் அறிவையும் சிறிதேனும் பாதுகாத்தல் கடமை. அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது, தேர்ந்த ஒருவரை அழைத்துப் பெட்டியைச் சோதிக்கச் செய்யுங்கள். அது எவ்வகைச் செட், சேசிஸில் மின்சாரம் உண்டா, எந்த உறுப்பு எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பனவற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு சீட்டில் எழுதிப் பின்பலகையில் ஒட்டிவையுங்கள். நமக்குப் பின் அப்பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்கு அச்சீட்டு உயிர்க்காவலாக அமையும்.