கோலார் பாறையும் விரிசல்களின் கணக்கும்

1882இல் மைசூர் மகாராஜா வழங்கிய நிலத்தில் ஆங்கிலோ-இந்தியர் குடியேற்றமாகத் தோன்றியது வைட்ஃபீல்ட். அதன் வழியே கிழக்கே செல்லும் இருப்புப்பாதை பங்காருப்பேட்டையில் பிரிந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. அங்கேதான் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியிருந்தது. அந்த ஆழத்தில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களிலும் தலித்துகளே மிகுதி.

அவர்கள் அஞ்சியது பாறை வெடிப்பை. 3 கிலோமீட்டர் ஆழத்தில் மேலடுக்கின் எடை மட்டுமே ஏறத்தாழ 80 மெகா பாஸ்கல் தகைவைத் தருகிறது. பாறையின் யங் குணகம் 80 கிகா பாஸ்கல் எனக் கொண்டால், ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 40 கிலோ ஜூல் மீள்திறன் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கும். குடையப்பட்ட வெளியைச் சுற்றித் தகைவு இதனினும் பன்மடங்காகும். விறைப்பான பாறை இவ்வாற்றலைச் சிறிது சிறிதாக வெளியிடாமல் ஒரே கணத்தில் வெளியிடுவதே பாறை வெடிப்பு.

பாறை எப்போது விறைப்பாக இருக்கும், எப்போது தளரும் என்பதற்கான விடை விரிசல்களில் இருக்கிறது. கண்ணாடியின் வலிமை கோட்பாட்டு மதிப்பைவிட மிகக் குறைவாக இருப்பதற்கு நுண்விரிசல்களே காரணம் என 1921இல் வெளியான கட்டுரையில் கிரிஃபித் நிறுவினார். 1923இல் ஆடம்ஸும் வில்லியம்சனும், குறைந்த அழுத்தத்தில் பாறைகள் எதிர்பார்த்ததைவிட எளிதாக அமுங்குவதையும், அழுத்தம் கூடி விரிசல்கள் மூடியபின் கனிமங்களுக்குரிய இயல்பான விறைப்பைப் பெறுவதையும் காட்டினர். 1965இல் வால்ஷ் இதற்குக் கணித வடிவம் தந்தார். திறந்த விரிசல் குணகத்தைக் குறைக்கிறது. மூடிய விரிசலின் முகங்களோ உராய்ந்து வழுக்குகின்றன. ஆகவே சுமையேற்றும் பாதையும் இறக்கும் பாதையும் ஒன்றாக அமைவதில்லை.

1974இல் ஓகானலும் புடியான்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வு, விளைவைத் தீர்மானிப்பது விரிசல்களின் எண்ணிக்கை மட்டுமன்று, அவற்றின் ஆரத்தின் மும்மடியும் என்பதைத் தெளிவாக்கியது. 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு நாணய வடிவ விரிசல், 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஆயிரம் விரிசல்களுக்கு நிகர். விரிசலில் நீர் நிறைந்தால் அது அமுக்கத்தைத் தடுக்கும், சறுக்குப்பெயர்ச்சியைத் தடுக்காது. எனவே பி அலையின் வேகத்தையும் எஸ் அலையின் வேகத்தையும் ஒப்பிட்டு, உள்ளிருக்கும் விரிசல்கள் உலர்ந்தவையா ஈரமானவையா என்று கூற முடிகிறது.

உலகெங்கும் சுரங்கத் தொழிலாளர்கள் கடப்பாரையால் கூரையைத் தட்டி ஒலியைக் கேட்டதும் இதே இயற்பியல்தான். திண்மையான பாறை கணீரென ஒலிக்கும். உள்ளே பிளந்த பாறை மந்தமாக ஒலிக்கும். 1950களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் மற்றொரு வழியும் சோதிக்கப்பட்டது. முகப்புப் பாறையை வெடிவைத்து வேண்டுமென்றே விரிசலாக்கினால் அதன் விறைப்பு குறையும். சுமை உட்பகுதிக்கு நகரும். விரிசல் அழிவின் அடையாளம் மட்டுமன்று, காப்பாகவும் அமையலாம் என்பதே அதன் அடிப்படை.

கோலாரில் 1970களின் இறுதியில் நிலநடுக்க அளவிகளின் வலையமைப்பு பாறை வெடிப்புகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே நிறுவப்பட்டது. இந்தியப் பாறை இயக்கவியலின் முக்கியமான அனுபவத் தளங்களுள் ஒன்று இச்சுரங்கங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அறிவுக்கு முதல் விலை கொடுத்தவர்கள், தரவுப் புள்ளிகளாகக் குறிக்கப்பட்ட வெடிப்புகளின் அடியில் நின்றவர்கள். துறையின் வரலாறு கிரிஃபித்தையும் வால்ஷையும் பெயரிட்டுச் சொல்கிறது, அத்தொழிலாளர்களைச் சொல்வதில்லை.

சுரங்கம் மூடப்பட்டபின் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிழைப்புக்காக மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூர் வருகின்றனர். பலர் இறங்குமிடம் வைட்ஃபீல்ட். மீள்தன்மையின் வரலாற்றை எழுதுவோர் அந்த இருப்புப்பாதையின் மறுமுனையையும் கணக்கில் கொள்வது கடமை.