பாட்டை, வளையம், நட்சத்திரம்: திருப்பூரிலிருந்து ஒரு பார்வை

நெய்த துணியில் ஓர் இழை அறுந்தால் பெரும்பாலும் அந்த இடம் மட்டுமே நையும். பின்னிய துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அது ஏணிபோல் கீழிறங்கி ஓடும். ஆனால் உடலோடு நெகிழ்ந்து கொடுப்பது பின்னிய துணிதான். பனியன் துணியைக் கையாண்ட திருப்பூர்க்காரர் எவரும் இதை அறிவர். இழைகளை எவ்வாறு இணைக்கிறோம் என்பதிலேயே துணியின் வலுவும் நலிவும் ஒருசேர முடிவாகிவிடுகின்றன. கணினிகளை இணைத்த முறைகளின் வரலாற்றைப் புரட்டும்போதும் நாம் இதையே காண்கிறோம்.

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை முன்மொழிந்தார். டேவிட் பாக்ஸ் அவருடன் சேர்ந்து அதை உருவாக்கினார். கட்டடத்தின் நெடுகிலும் ஒரே தடித்த கேபிள் செல்லும். பழைய பெருவழியை ஒட்டி ஊர்கள் அமைந்ததைப் போல, கணினிகள் அதை ஒட்டி அமையும். இதுவே பாட்டை அமைப்பு. கம்பிச் செலவு குறைவு. ஆனால் இருவர் ஒரே சமயத்தில் பேசினால் செய்திகள் மோதிக்கொள்ளும். இருவரும் சற்றுக் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். கேபிள் ஓரிடத்தில் அறுந்தால் அதிலுள்ள எல்லாக் கணினிகளும் முடங்கும். அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதோ பெரும்பாடு.

1985இல் ஐபிஎம் நிறுவனம் டோக்கன் ரிங் என்னும் வளைய அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வளையத்தில் ஒரு டோக்கன் சுற்றிவரும். அதைப் பெற்ற கணினி மட்டுமே பேசலாம் என்பதால் மோதல் இல்லை. தன் முறை வர அதிகபட்சம் எவ்வளவு நேரமாகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடலாம். ஆனால் ஓர் இணைப்பு விட்டுப்போனால் சுற்று முழுவதும் நிற்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு கணினியின் கம்பியையும் நடுவிலுள்ள ஒரு பெட்டிக்குக் கொண்டுவந்து, பழுதானதை அங்கேயே தாண்டிச் செல்ல வழி செய்தனர். ஏட்டில் அது வளையம், சுவரில் அது நட்சத்திரம். இந்த இரட்டைத்தன்மையை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

1990இல் ஈதர்நெட்டும் நட்சத்திர அமைப்பை ஏற்றது. நடுவில் ஹப், பின்னாளில் ஸ்விட்ச். அங்கிருந்து ஒவ்வொரு கணினிக்கும் 100 மீட்டருக்கு மிகாத தனிக் கம்பி. கம்பி கூடுதலாகத் தேவைப்பட்டாலும், ஒன்று அறுந்தால் ஒருவர் மட்டுமே துண்டிக்கப்படுவார். ஆனால் நடுப்பெட்டி நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1964இல், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரன் நடுவே இல்லாத ஓர் அமைப்பை வரைந்து காட்டியிருந்தார். அணுகுண்டுத் தாக்குதலில் தொலைபேசி நிலையங்கள் அழிந்தாலும் செய்தி போய்ச்சேர வேண்டும் என்பது அவருடைய கவலை. மீன்வலையைப் போன்ற அமைப்பில் ஒரு முடிச்சு அழிந்தால் செய்தி வேறு வழியாகச் சுற்றிச் செல்லும். எல்லோரையும் எல்லோருடனும் இணைப்பது கட்டுப்படியாகாது. பத்துக் கணினிகளுக்கு 45 இணைப்புகள் போதும், நூறு கணினிகளுக்கோ 4,950 வேண்டும். ஒவ்வொரு முடிச்சுக்கும் மூன்று நான்கு இணைப்புகள் இருந்தாலே வலை பெருமளவு தாக்குப்பிடிக்கும் என்று பாரன் காட்டினார்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் இத்தகைய ஒரு வலைதான். நூல் பின்னலுக்குச் செல்கிறது. துணி சாயப்பட்டறைக்கும், காம்பாக்டிங்கிற்கும், பிரிண்டிங்கிற்கும் செல்கிறது. பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொன்றும் வெவ்வேறு தெருவில், வெவ்வேறு கூரையின் கீழ் நடக்கலாம். பமீலா காவ்தோர்ன் 1995இல் இவ்வூரைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே வலையமைப்பு என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. ஒரே ஆலையாக வளராமல், அமீபாவைப் போலப் பிரிந்து பெருகும் முதலாளியம் என்று அவர் இதை வருணித்தார்.

இப்பிரிவினைக்குப் பின்னால் ஒரு போராட்ட வரலாறும் உண்டு. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வேலைகளைச் சிறு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் அதன்பின் வேகம் பெற்றது. எல்லா வேலையும் ஒரே இடத்தில் நடக்கும் ஆலை நட்சத்திரத்தின் நடுவைப் போன்றது. அங்கே வேலை நின்றால் உற்பத்தி முழுவதும் நிற்கும். தொழிலாளியின் பலம் அதில்தான் இருந்தது. பிரிந்து கிடக்கும் வலையிலோ ஒரு பட்டறை நின்றால் வேலை அடுத்த பட்டறைக்குப் போய்விடும். பாரன் வியந்த அதே தாங்குதிறன் இது. ஏற்றுமதியாளருக்கு இது காப்பு. கோரிக்கையோடு வேலையை நிறுத்தியவருக்கோ இது தோல்வி.

இவ்வளவு பரவலான வலையை எதுவும் நிறுத்த முடியாது என்றே தோன்றியது. ஆனால் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளும் அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் நின்றன. சாயத்துக்காகத் துணி வெளியூர்களுக்குப் பயணப்பட்டது. சாயப்பட்டறைக்குப் போகாத தையல்காரரும் வேலையின்றி நின்றார்.

பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் அவற்றின் கழிவு சென்று சேர்ந்த இடம் நொய்யல் ஒன்றே. ஏட்டில் மீன்வலையாக இருந்த ஊர், மண்ணில் ஒரு நட்சத்திரமாக இருந்தது. அதன் நடுவில் ஓர் ஆறு. பாசனத்துக்கென 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழ்மடை உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீர் அறவே வெளியேறக் கூடாது என்று 2006இல் வந்த உத்தரவு நிறைவேறாத நிலையில்தான் 2011இன் தீர்ப்பு வந்தது. கழிவுநீரை முழுமையாக மீட்டுப் பயன்படுத்தும் முறையைக் கைக்கொண்ட பின்னரே பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

இணையமும் இத்தகைய மறைந்த நடுக்களைக் கொண்டதே. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையப் போக்குவரத்து பெரிதும் தடுமாறியது. வழிகள் பல என்று வரைபடம் காட்டினாலும் அவை ஒரே கடற்பகுதி வழியே சென்றுகொண்டிருந்தன.

எந்த அமைப்பு சிறந்தது என்பது பாடநூலின் கேள்வி. எங்கே அறுந்தால் யார் நிற்பார்கள் என்பது அதனினும் பயனுள்ள கேள்வி. அதற்கு விடை தேட, வரையப்பட்ட படத்தோடு கம்பி ஓடும் சுவரையும் கழிவு ஓடும் ஆற்றையும் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. திருப்பூரின் வலையமைப்பை வரைந்தவர்கள் எவரும் அதில் ஒரத்துப்பாளையத்து உழவரை ஒரு முடிச்சாகக் குறிக்கவில்லை. அவரோ தொடக்கம் முதலே அந்த வலையில் இணைக்கப்பட்டிருந்தார்.